உன் முகத்தின் அனுசரணையாளர்கள்

மகள்,

நாங்கள் நலம். நீயும் நலமாய் இருக்கிறாய் என்று உன் படங்களில் தெரிகிறது. ஆனால் அந்தப் படங்களில் சிரிப்பதற்கு உனக்குக் காசு தருகிறார்கள் என்பதால் அவற்றை எவ்வளவு நம்புவது என்று எனக்கும் அம்மாவுக்கும் விளங்கவில்லை. ஆகவே ஒருநாள் தலை வாரி இழுக்காமல், வெளிச்சம் வைக்காமல், வீடியோவில் வந்து முகத்தைக் காட்டு. இந்தக் கடிதத்தை நீ எழுத்துக்கூட்டி மெல்ல மெல்லத்தான் வாசிப்பாய் என்று எனக்குத் தெரியும். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு உன்னை ஏற்றி இறக்கிய வருடங்களுக்கு இன்று பலன் கேட்கிறேன் என்று வைத்துக்கொள். தொலைபேசியிடம் கொடுத்து ஆங்கிலத்தில் சொல்லச் சொல்லாதே. எனக்கே விளங்காத விடயத்தை அது உனக்கு என்னவென்று விளக்கப்போகிறது?

உன்னிடம் ஒரு விடயம் சொல்லிவிடவேண்டும். இந்தக் கடிதத்தை இங்கே கனடாவில் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் போடலாமா என்று நினைத்திருக்கிறேன். என்னைப்போல் தலையைச் சொறிந்துகொண்டிருக்கிற வேறு தகப்பன்மாரும் இருப்பார்கள் அல்லவா? ஆசிரியரிடம் கேட்டேன். போடலாம் என்றார். விளம்பரம் இல்லாத பக்கம் ஒன்று கிடைக்குமா என்று கேட்டதும் அவர் சிரித்த சிரிப்பு நிற்க நேரமெடுத்தது. அப்படி ஒரு பக்கம் தன் பத்திரிகையில் இருந்தால் தானே பார்க்க ஆசைப்படுவதாகச் சொன்னார். ஆகவே இதற்குப் பக்கத்தில் யாராவது வீடு விற்கக்கூடும். அதனால்தான் உன் பெயரை எங்கும் எழுதவில்லை. உன் பல்கலைக்கழகத்தின் பெயரும் இல்லை. நீ அனுமதி தந்தால்தான் அனுப்புவேன். பார், எவ்வளவு பழகிவிட்டேன்!

விளையாட்டுக்குக் காசு எங்கிருந்து வருகிறது என்று இந்த ஊரில் யாருக்காவது தெரியுமென்றால் அது எனக்குத்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் கோடைகாலக் கரப்பந்து (வொலிபோல்) சுற்றுப்போட்டிக்கு நீ பிறப்பதற்கு முன்பிருந்தே நான்தான் அனுசரணைப் பொறுப்பாளர், அதாவது செலவுக்குக் காசு சேர்க்கிறவன். ஒவ்வொரு வசந்தத்திலும் ஸ்காபரோவில் கடை கடையாக ஏறி இறங்குவேன். அதற்கென்று ஒரு முறை வைத்திருக்கிறேன். போனதும் காசைப் பற்றிக் கதைக்கக்கூடாது. தேத்தண்ணி வரும். குடிக்கவேண்டும். பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று கேட்கவேண்டும். வியாபாரம் படுத்துவிட்டது என்று அவர் சொல்லும்போது தலையாட்டவேண்டும். கோப்பையைக் கீழே வைக்கும் நேரத்தில் அவரே, "சரி, இந்த முறை எவ்வளவு போட?" என்று கேட்பார். முதலில் நான் பிடிப்பது வீடு விற்கும் முகவர்களைத்தான். பஸ் நிற்கும் இடமெல்லாம் காசு கொடுத்துத் தங்கள் முகத்தைப் போடுகிறவர்கள் அவர்கள். அப்படிப்பட்டவர்களை எனக்கு நிறையத் தெரியும். முகத்தைக் காட்டுவதற்குக் காசு வாங்குகிற ஒருத்தி என் வீட்டிலேயே வளருவாள் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

அந்த வரவுசெலவில் விளையாடுகிற பிள்ளைக்கு என்று ஒரு வரி இருந்ததில்லை. மைதானத்துக்குக் காசு, மத்தியஸ்தர்களுக்குக் காசு, கிண்ணங்களுக்குக் காசு, ஒலிபெருக்கிக்காரருக்குக் காசு. விளையாடினவர்களுக்கு மத்தியானம் ஒரு சோற்றுப் பார்சல், வென்றால் ஒரு கிண்ணம். உன்னுடைய பெண்கள் அணிக்குக் குகன் அண்ணைதான் ஆண்டுதோறும் சட்டை கொடுத்தார். உனக்குத்தான் அவரைத் தெரியுமே, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: ஸ்காபரோவில் சாப்பாட்டுக் கடையும் கேட்டரிங்கும் வைத்திருக்கிற மனிதர். நாங்கள் டோர்செட் பார்க்கில் அடுக்குமாடியில் இருந்த காலத்தில் இருந்து பழக்கம். சட்டையின் முதுகில் உன் இலக்கத்துக்கு மேல் அவருடைய கடைப் பெயர், கீழே கடையின் தொலைபேசி இலக்கம். உன் முதுகைப் பார்த்து யாராவது உண்மையிலேயே ரோல்ஸ் ஓடர் பண்ணியிருப்பார்களோ தெரியாது. நீ விழுந்து விழுந்து பந்தெடுக்கும்போதெல்லாம் அவர் மைதானத்துக்கு வெளியே நின்று, "எங்கட பிள்ளை! எங்கட பிள்ளை!" என்று கத்துவார். அது அன்பா விளம்பரமா என்று ஒருவரும் கேட்கவில்லை. பிரித்துப் பார்க்கவேண்டும் என்றே எங்களுக்குத் தோன்றவில்லை.

பிறகு நீ அமெரிக்காவுக்குப் போனாய். நம் குடும்பத்தில் ஒருவரும் வலைக்கு மேல் கை தெரிகிற உயரம் இல்லை. ஆனால் லிபரோ என்று ஒரு இடம் இருப்பது நல்லதாய்ப் போயிற்று. நிறம் வேறான சட்டை போட்டுக்கொண்டு பின்வரிசையில் நின்று, மற்றவர்கள் விட்டதையெல்லாம் விழுந்து எடுக்கிறவள். அவள் வலையில் எழும்பி அடிக்கக்கூடாது. அவளுடைய பெயர் புள்ளிப் பலகைக்குப் பக்கத்திலும் வராது. அதனால் உனக்குப் படிப்புக்கான புலமைப்பரிசில் கிடைத்ததே பெரிய காரியம் என்று நான் நினைத்தேன். அப்போதுதான் அந்தக் காணொளி வந்தது. பந்து வெளியே போகிறது, நீ பின்னால் ஓடுகிறாய், விளம்பரப் பலகைக்கு மேலால் பாய்கிறாய், நாற்காலிகளுக்குள் விழுகிறாய், பந்து மட்டும் திரும்பி மைதானத்துக்குள் வருகிறது. அதை உலகமே பார்த்தது. நான் முழுதாகப் பார்த்தது ஒருதடவைதான். நீ விழுகிற இடம் வந்ததும் என் கை தானாக நிறுத்திவிடுகிறது.

அதன்பிறகு கம்பனிகள் வந்தன. நீ எனக்கு எத்தனையோ முறை விளக்கினாய். கல்லூரியில் விளையாடுகிற பிள்ளை தன்னுடைய பெயரையும் உருவத்தையும் வைத்து உழைக்கலாம் என்று இப்போது விதி இருக்கிறதாம். சின்னக் காணொளி ஒன்று போட்டால் ஒரு தொகை, பெயரெழுதிய பந்துக்கு ஒரு தொகை, சிறுமிகளுக்கு ஒருநாள் பயிற்சி கொடுத்தால் ஒரு தொகை. ஒவ்வொன்றையும் பல்கலைக்கழகத்துக்கு அறிவிக்கவேண்டும், வரி கட்டவேண்டும், எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள உனக்கு ஒரு முகவரும் இருக்கிறார். உன் அணியில் வலைக்கு முன்னால் நின்று அடிக்கிற உயரமான பிள்ளைக்கு ஒரு வாகனக் கடைக்காரர் ஓடித் திரியக் காரே கொடுத்திருக்கிறாராம். "அப்ப நல்லா விளையாடினால் காசு, அப்பிடித்தானே?" என்று கேட்டேன். "இல்லை அப்பா. விளையாடுறதுக்கு இல்லை. விளையாடுற ஆளா இருக்கிறதுக்கு" என்றாய். அந்த வசனத்தை வேலைக்குக் கொண்டுபோய், மார்க்கம் நகரத்துக் குடோனில் பெட்டி அடுக்கியபடியே முழு நாளும் யோசித்தேன். இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

இதற்குள் இன்னொரு சிக்கல் இருந்தது. நீ அங்கே மாணவர் விசாவில் இருக்கிற பிள்ளை. விளம்பரத்துக்காக அங்கே வேலை செய்வது விசாவுக்கு வில்லங்கம், செய்வதையெல்லாம் கனடாவில் நின்றுகொண்டு செய் என்று உன் வக்கீல் சொல்லியிருந்தார். ஆகவே இந்தக் கோடையில் நீ விடுமுறைக்கு வந்தாயா வேலைக்கு வந்தாயா என்றே எங்களுக்குத் தெரியவில்லை. ஒரு வருடத்துக்குத் தேவையான சிரிப்பையெல்லாம் எங்கள் மார்க்கம் வீட்டில் வைத்துச் சிரித்து முடித்தாய். நான் வெள்ளைப் பலகை பிடித்துக்கொண்டு வெளிச்சம் காட்டினேன். கராஜுக்குள் நின்று குளிர்காலச் சட்டை போட்டுக்கொண்டு வியர்க்க வியர்க்கக் கிறிஸ்மஸ் வாழ்த்துச் சொன்னாய். பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டனார் மதிலுக்கு மேலால் பார்த்துவிட்டு எனக்குக் கை காட்டினார். நானும் காட்டினேன். வேறென்ன செய்ய?

காலைச் சாப்பாட்டுக்குப் பதிலாகக் கடிக்கிற தானியக் கட்டி விற்கிற ஒரு கம்பனிதான் உனக்குப் பெரிய ஒப்பந்தம். அதை நீ கமெராவுக்கு முன்னால், எங்கள் குசினி மேசையில் உட்கார்ந்து சாப்பிடவேண்டும். அம்மா வழமைபோல் இடியப்பமும் சொதியும் கொண்டுவந்து வைத்தார். நீ எழும்பித் தட்டைத் தள்ளினாய்.

"அம்மா, ப்ளீஸ், ஜஸ்ட் வன் மினிட். இடியப்பம் ஃபிரேமுக்குள்ள வருது."

"இஞ்சேரப்பா, எங்கட மேசையில எங்கட சாப்பாடு இருக்கக்கூடாதோ?" என்று அம்மா என்னைப் பார்த்தார். நான் பலகைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டேன். நீ அந்தக் கட்டியைக் கடித்துச் சிரித்து, மறுபடி கடித்து, மறுபடி சிரித்து, எல்லாம் முடிந்த பிறகு இடியப்பத் தட்டை இழுத்துவைத்துச் சாப்பிட்டாய். "உண்மையிலேயே உது உனக்குப் பிடிக்குமோ?" என்று கேட்டேன். "பிடிக்கும் அப்பா. பிடிக்காட்டி நான் சைன் பண்ணியிருக்க மாட்டன்" என்றாய். நம்பினேன். இப்போதும் நம்புகிறேன். ஆனால் ஒரு பிள்ளை பிடித்ததைச் சாப்பிடும்போது அவளுடைய முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். கமெராவுக்கு முன்னால் இருந்தது அது இல்லை.

இப்போது நடந்த கதைக்கு வருகிறேன். உன் பக்கத்தை நீ அன்றைக்குச் சத்தமாகவே சொன்னாய். என் பக்கத்தை நான் இன்னும் முழுதாகச் சொல்லவில்லை. ஒருநாள் குகன் அண்ணை கூப்பிட்டார். "தம்பி, பிள்ளையின்ர நல்ல படம் ஒண்டு தாரும். ஒரு வாழ்த்து அடிப்பம்" என்றார். இந்த ஊரில் ஒரு பிள்ளை அரங்கேற்றம் செய்தால், பட்டம் பெற்றால், டொக்டரானால், தெரிந்த கடைக்காரர் பத்திரிகையில் வாழ்த்துப் போடுவார். அவர் போடாவிட்டால்தான் மனவருத்தம். கேட்ட கையோடு, நீ பாய்கிற அந்தப் படத்தை, பல்கலைக்கழகச் சட்டையோடு அப்படியே அனுப்பிவிட்டேன். உன்னிடம் கேட்கவேண்டும் என்று ஒரு கணம்கூட எனக்குத் தோன்றவில்லை. சும்மா இருந்த என்னிடம் வந்து உன்னை வாழ்த்தப்போகிறேன் என்று ஒருவர் சொல்லும்போது, பொறுங்கோ, ஆளிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று எந்தத் தகப்பன் சொல்லுவான்?

வாழ்த்து முழுப் பக்கத்தில் வந்தது. கடைக் கண்ணாடியில் ஆளுயரத்தில் வந்தது. 'எங்கள் வீட்டுப் பிள்ளையை வாழ்த்துகிறோம்' என்று மேலே பெரிய எழுத்து. 'திருமண, பிறந்தநாள் வைபவங்களுக்குச் சுவையான உணவு வகைகள் ஓடருக்குச் செய்து தரப்படும்' என்று கீழே அதைவிடப் பெரிய எழுத்து. நடுவில் நீ பாய்கிறாய். பந்தைக் காணவில்லை. பந்து இருந்த இடத்தில் ஒரு பிரியாணிச் சட்டி. விழப்போகிற சட்டியை நீ உயிரைக் கொடுத்துக் காப்பாற்றுகிறாய். படம் செய்தவர் தன் மூளையைக் காட்டியிருக்கிறார். பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. பெருமையும் வந்தது. பத்திரிகையைக் கொண்டுவந்து உன் முன்னால் விரித்தேன்.

"வாட் இஸ் திஸ்? ஆர் குடுத்தது இந்தப் படத்தை?"

"நான்தான். குகன் அண்ணை கேட்டவர்."

"என்னட்டக் கேட்டனீங்களே?"

"இதில கேக்க என்ன இருக்கு? வாழ்த்துத்தானே."

"அப்பா, இது வாழ்த்து இல்லை. இது ஆட்! கேட்டரிங் நம்பர் போட்டிருக்கு!"

"வாழ்த்தெண்டால் ஆர் வாழ்த்தினது எண்டு போடத்தானே வேணும்?"

அப்போதுதான் நீ சொன்னாய். வேறு எந்தச் சாப்பாட்டு வியாபாரத்துக்கும் உன் படம் போகக்கூடாது என்று அந்தக் கம்பனியோடு ஒப்பந்தமாம். பல்கலைக்கழகச் சட்டையை அவர்களைக் கேட்காமல் ஒரு கடை போடக்கூடாதாம். முகவர் ஏற்கெனவே பார்த்துவிட்டாராம். வெள்ளிக்கிழமைக்கிடையில் எல்லா இடத்திலும் இருந்து எடுக்காவிட்டால் ஒப்பந்தம் போய்விடும், அதுவும் உன் கடைசி ஆண்டில். "என்ர முகத்தை நீங்கள் நினைச்ச ஆக்களுக்கெல்லாம் குடுக்கேலாது அப்பா" என்றாய். சூழலைக் கொஞ்சம் இலேசாக்குவோம் என்று நினைத்து, "அது நான் தந்த முகம்தானே" என்றேன். நீ சிரிக்கவில்லை. அம்மாவும் சிரிக்கவில்லை. அறைக் கதவு சாத்திய சத்தத்தில் சுவரில் இருந்த நாட்காட்டி ஆடியது.

அடுத்தநாள் குகன் அண்ணையிடம் போனேன். மத்தியான நேரம், சனம் வரிசையில் நின்றது. கண்டதும் கடதாசிக் கோப்பையில் தேத்தண்ணி தந்தார். குடித்து முடிக்கும்வரை நான் வாய் திறக்கவில்லை. கேட்கப் போய்த்தான் பழக்கம், தந்ததைத் திருப்பி எடுங்கள் என்று சொல்லிப் பழக்கமில்லை.

"அண்ணை, அந்தப் படத்தைக் கழட்டவேணும்."

"ஏன், பிள்ளை வடிவா வரேல்லையோ?"

எனக்கு விளங்கியதை, விளங்காததையும் சேர்த்துச் சொன்னேன். அவர் காசுப் பெட்டியை மூடிவிட்டு என்னைப் பார்த்தார்.

"வாழ்த்தினது பிழையோ தம்பி?"

"வாழ்த்தினது பிழையில்லை அண்ணை. கீழ நம்பர் போட்டதுதான் பிரச்சினை."

"நம்பர் போடாட்டி ஆர் வாழ்த்தினது எண்டு எப்பிடித் தெரியும்?"

நான் உன்னிடம் கேட்ட கேள்வியையே அவர் என்னிடம் கேட்டார். படத்தை எடுத்தால் போதும் அண்ணை என்று மட்டும் சொன்னேன். சரி, பார்ப்பம் என்றார். மறுநாள் அந்த வழியால் போனேன். படம் அப்படியே இருந்தது. உன் முகத்துக்கு மேல் மட்டும், 'இன்றைய விசேடம்: மட்டன் பிரியாணி' என்று ஒரு மஞ்சள் கடதாசி ஒட்டியிருந்தது. முகம்தானே கூடாது என்றார்கள், மறைத்துவிட்டேன் என்று அவர் நினைத்திருக்கிறார். வாகனத் தரிப்பிடத்தில் நின்று தனியாகச் சிரித்தேன். பிறகு உள்ளே போக வெட்கமாக இருந்தது. உள்ளே போனேன்.

இந்த முறை அவர் தேத்தண்ணி தரவில்லை. "அவங்கள் பிள்ளைக்கு எவ்வளவு குடுக்கிறாங்கள்?" என்று கேட்டார். தெரியாது என்றேன். உண்மையிலேயே எனக்குத் தெரியாது, நீ சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் மேசையைத் துடைத்துக்கொண்டு நின்றார். பிறகு கேட்டார்: "அப்ப தம்பி, இவ்வளவு வருசமும் நான் சட்டையில பேர் அடிச்சுக் குடுத்தது, பிள்ளையளை வைச்சு வியாபாரம் செய்ததோ?" கோபத்தில் கேட்கவில்லை. அறிய விரும்பிக் கேட்டார். "தெரியேல்ல அண்ணை" என்றேன். அவர் கதிரை போட்டு ஏறித் தானே கழற்றினார். சுருட்டி என் கையில் தந்து, "நீர் கொண்டுபோம். குப்பையில போட மனம் வரேல்ல" என்றார்.

மிச்சம் பத்திரிகை. அது கடை வாசல்களில் இலவசமாக அடுக்கி வைத்திருப்பது. அச்சடித்ததை ஆசிரியர் திருப்பி எடுக்க மாட்டார். இணையத்தில் மட்டும் எடுக்கிறேன் என்றார். ஆகவே நானே காரை எடுத்துக்கொண்டு மரக்கறிக் கடை, மருந்துக் கடை, நகைக் கடை என்று வாசல் வாசலாகப் போய்க் கட்டுக் கட்டாக அள்ளினேன். கண்டவர்களெல்லாம் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். "என்ன அண்ணை, பிள்ளையின்ர படம் வந்திருக்கெண்டு ஒண்டும் மிச்சம் விடாமல் கொண்டுபோறியள் போல!" என்று ஒரு அன்ரி முதுகில் தட்டினார். "எங்களுக்கும் ஒண்டு வைச்சிட்டுப் போங்கோ" என்றார் இன்னொருவர். பெருமைக்காக அள்ளுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். நானும் ஓம் ஓம் என்று பல்லைக் காட்டிக்கொண்டு உன்னைக் கட்டுக் கட்டாக டிக்கிக்குள் போட்டேன். ஊரே உன்னை வாழ்த்திக்கொண்டிருக்கும்போது உன்னை ஒளித்துக்கொண்டு திரிந்த ஒரே ஆள் நான்தான். அந்தப் பின்னேரம் எனக்கு எவ்வளவு அந்தரமாகவும் கூச்சமாகவும் இருந்தது என்று உனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஒப்பந்தம் தப்பிவிட்டது. நல்லது. ஆனால் உன்னை விமான நிலையத்துக்கு ஏற்றிப்போகும் வழியில் நீ சொன்னது இன்னும் காதுக்குள் நிற்கிறது. நெடுஞ்சாலையில் ஏறும்வரை தொலைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு, என்னைப் பார்க்காமலே சொன்னாய்: "குகன் அங்கிள் சொல்லுறார் எங்கட பிள்ளை எண்டு. கம்பனி சொல்லுது நீ எங்கட ஃபாமிலி எண்டு. யூனிவர்சிட்டியும் அதைத்தான் சொல்லுது. என்ர முகம் எல்லாருக்கும் வேணும் அப்பா. முழங்கால் நோவு மட்டும் எனக்கு." நான் பாதை மாற்றும் சமிக்ஞையைப் போட்டுவிட்டு, திரும்பாமல் நேரே போய்க்கொண்டிருந்தேன். "அடுத்த வருசம் இந்த நேரம் என்னை ஒருத்தரும் தேட மாட்டினம். லிபரோவுக்கு இதுக்குப் பிறகு ஒண்டும் இல்லை. அதுதான் இப்ப எல்லாத்துக்கும் ஓம் எண்டுறன்" என்றாய். காசுக்கு ஆசைப்படுகிறாள் பிள்ளை என்று உள்ளுக்குள் ஒரு பக்கம் நினைத்துக்கொண்டிருந்தேன். அது ஆசையில்லை, பயம் என்று அந்த இடத்தில்தான் விளங்கியது. எனக்கு இந்தக் கோடையில் விளங்கிய ஒரே விடயம் அதுதான்.

நீ போன பிறகு எங்கள் சங்கத்தின் கணக்கறிக்கைக் கூட்டம் நடந்தது. எல்லோரும் கிண்ணச் செலவைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தபோது நான் எழும்பி, "விழுந்தெழும்பிற பிள்ளையளுக்கு நாங்கள் என்ன செய்யிறம்?" என்று கேட்டேன். "அண்ணைக்கு அமெரிக்கக் காத்துப் பட்டிட்டுது" என்று ஒருவர் சொல்ல மண்டபம் முழுக்கச் சிரித்தது. நான் உட்காரவில்லை. கடைசியில், அடுத்த கோடையில் முழங்கால், தோள் பார்க்கிற ஒரு ஆளை மைதானத்தில் முழு நாளும் வைத்திருப்பதென்று தீர்மானித்தார்கள். யார் அனுசரணை என்று கேட்டபோது குகன் அண்ணை கையை உயர்த்தினார். பெயர் போடவேண்டாம் என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே அவரே, "சின்னதாப் போட்டால் பரவாயில்லை" என்றார். மனிதர் அப்படித்தான். நீ அடுத்தமுறை வரும்போது அவரைப் போய்ப் பார். அவர் உன்மேல் கோபமாக இல்லை. உன்னோடு எப்படிக் கதைப்பது என்றுதான் தெரியாமல் இருக்கிறார், என்னைப்போல.

அறிவுரை சொல்லாமல் கடிதத்தை முடித்தால் அப்பா எழுதியது என்று நீ நம்ப மாட்டாய். ஆகவே கேள். எதிலும் கையெழுத்து வைக்கமுன் முழுதும் வாசி, விளங்காவிட்டால் விளங்கவில்லை என்று சொல்லு. அதில் வெட்கம் இல்லை, நான் இவ்வளவு பக்கமும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஓம் என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் ஒன்றுக்காவது இல்லை என்று சொல்லிப் பார். உன்னைத் தேடாத ஒரு வருடம் வரும் என்று நீ பயப்படுகிறாய். அந்த வருடத்திலும் ஒரு வீட்டில் உன்னைத் தேடுவார்கள். அதற்கு ஒப்பந்தம் இல்லை. அம்மா ஒவ்வொரு வெள்ளியும் றிச்மண்ட் ஹில் கோயிலில் உன் பெயருக்கு அர்ச்சனை செய்கிறார். போன கிழமை ஐயர் பெயர் கேட்டபோது அம்மா என் பக்கம் திரும்பி, "சொல்லலாமோ, இல்லாட்டி அவளின்ர முகவரைக் கேக்கவேணுமோ?" என்றார். ஐயர் திகைத்துப்போனார். நாங்கள் இரண்டு பேரும் சந்நிதியில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

கடைசியாக ஒன்று கேட்கவேண்டும். நேற்றுப் பாரிசில் இருந்து மாமி கூப்பிட்டார். "பிள்ளையின்ர படம் ஒண்டு அனுப்பன். இந்த விளம்பரப் படங்கள் வேண்டாம், சும்மா ஒரு படம்" என்றார். தேடினேன். அம்மா எடுத்த ஒன்று இருந்தது. பயிற்சி முடித்து வந்து சோபாவில் அப்படியே நித்திரையாகிவிட்டாய். வாய் திறந்திருக்கிறது, ஒரு காலில் மட்டும் சொக்ஸ், இரண்டு முழங்காலிலும் குளிர்பெட்டியில் இருந்து எடுத்த பட்டாணிப் பைகள். அனுப்பப் போனேன். பட்டாணிப் பையில் வேறு ஒரு சாப்பாட்டுக் கம்பனியின் பெயர் பளிச்சென்று தெரிந்தது. பயந்துவிட்டேன். பெரிதாக்கிப் பார்த்தேன், முழங்காலோடு சேர்த்து அதைப் படத்திலிருந்து வெட்டினேன். தலையணையில் ஏதாவது எழுதியிருக்கிறதா, சட்டையில் ஏதாவது இருக்கிறதா, பின்னால் மேசையில் என்ன இருக்கிறது என்று மூலை மூலையாகத் தேடினேன். ஒன்றும் இல்லை என்று நிச்சயமான பிறகுதான் உன் முகத்தைப் பார்த்தேன். எவ்வளவு களைத்துப்போயிருந்தாய், மகள். நீ வீட்டில் இருந்த அந்தக் கோடை முழுவதும் உனக்கு வெளிச்சம் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். எனக்கு அது தெரியவில்லை.

இப்படிக்கு,
அப்பா